சந்தனம் கலையாத பட்டன்

என் பெயர் கபாலி. தகப்பனார் பெயர் காலஞ்சென்ற கண்ணையா. வயது அறுபத்தொன்று. படிப்பு ஒன்பதாம் வகுப்பு, அதிலும் அரைப் பரீட்சை வரை. மயிலாப்பூரில் கச்சேரி சாலையை ஒட்டிய சந்தில், பதினான்காம் எண் வீட்டு மாடியில், என் மனைவி முத்தம்மாவுடன் இருபத்திரண்டு வருடமாகக் குடியிருந்து வருகிறேன். ராயப்பேட்டையில் ஒரு சினிமா தியேட்டரில் முப்பத்தொரு வருடம் ஜெனரேட்டர் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். இப்போது என் அக்கா கோமளத்தின் மகன் சாய்நாத், எங்கள் வீட்டுக்கு எதிரில் நடத்தும் டி.டி.பி. சென்டரைத் தினமும் காலை ஒன்பது மணிக்குத் திறந்து வைப்பது என் பொறுப்பு. கல்யாணப் பத்திரிகை, பிட் நோட்டீஸ், கேள்வித்தாள் ஆகியவற்றைக் கம்ப்யூட்டரில் அடித்துக் கொடுக்கும் கடை அது.

இந்தக் கம்ப்யூட்டரால் நம் வாசலில் ஒரு நாள் போலீஸ் வந்து நிற்கும் என்று, அது ஆட்டோவில் வந்து இறங்கிய அன்றே நான் சொன்னேன். சாய்நாத் சிரித்தான். கரண்ட் சம்பந்தப்பட்ட எதுவும் என் வாயிலிருந்து வந்தால் பலிக்கும். தியேட்டரில் கரண்ட் போனால் பதினோரு விநாடியில் ஜெனரேட்டரை எழுப்பியவன் நான். விசிலடித்தவன் விசிலை முடிப்பதற்குள் படம் ஓடும். ஜப்பானிலிருந்து வந்த ஒரு இன்ஜினியர் என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார். இது வழக்குக்குத் தேவையில்லை என்று உதவி ஆய்வாளர் சொர்ணம் அம்மா சொல்வதால் இத்துடன் விடுகிறேன். இந்தக் கதையை நான் சொல்வது இது நான்காவது தடவை. 19ஆம் தேதி ஒரு தடவை, நேற்று இரண்டு தடவை, இன்று 21.10.1999 மதியம் முதல் இந்தத் தடவை. எனக்கும் அலுத்துவிட்டது, எழுதுகிறவருக்கும் அலுத்துவிட்டது.

18.10.1999 அன்று ஆயுத பூஜை. காலை ஒன்பது மணிக்கு நானும் சாய்நாத்தும், கடையில் டைப் அடிக்கும் ஷகீலாவும் சேர்ந்து கடையைக் கழுவினோம். ஷகீலா ராயப்பேட்டையைச் சேர்ந்த பெண், வயது இருபத்து நான்கு, மூன்று வருடமாக இங்கே வேலை செய்கிறாள். கீபோர்டின் ஒவ்வொரு எழுத்தையும் பஞ்சு சுற்றிய தீக்குச்சியால் அவள்தான் துடைத்தாள். அதன் பிறகு கம்ப்யூட்டரை முறைப்படி மூடினார்கள். சாய்நாத் சந்தனம் குழைத்து, மேஜைக்கு அடியில் தரையில் இருக்கும் கம்ப்யூட்டர் பெட்டிக்குப் பட்டை போட்டு, அதன் ஆன் பட்டன் மேல் கட்டைவிரல் அகலத்துக்குச் சந்தனம் அப்பி, நடுவில் குங்குமம் வைத்தான். பூஜையில் வைத்த பொருளை மறுநாள் விஜயதசமி காலை வரை தொடக்கூடாது என்பது எங்கள் வழக்கம்.

வழக்கமாகக் கடை மூடும்போது மெயின் சுவிட்சை அணைத்துவிடுவோம். அன்று சாமி படத்துக்குச் சுற்றிய சீரியல் விளக்கு இரவு முழுக்க எரிய வேண்டும் என்பதால் மெயினை அணைக்கவில்லை. கம்ப்யூட்டர் வயரும் அதே பலகையில் சொருகியபடி இருந்தது. பதினோரு மணிக்குப் பொரி, கடலை, ஒரு சாத்துக்குடி வாங்கிக்கொண்டு ஷகீலா வீட்டுக்குப் போனாள். கடைக்கு இரண்டு சாவிகள் உண்டு. ஒன்று என் வீட்டு ஆணியில் தொங்குகிறது. இன்னொன்று மாலையில் கடையை மூடும் ஷகீலாவிடம் இருக்கிறது.

அப்போது கம்ப்யூட்டருக்குள் அடையாறில் உள்ள ஒரு செவிலியர் பயிற்சிப் பள்ளியின் நுழைவுத் தேர்வுக் கேள்வித்தாள் இருந்தது. திருத்தம் பாக்கி. தேர்வு 24ஆம் தேதி. ஷகீலாவின் தங்கை அதே தேர்வுக்கு மனுப் போட்டிருந்தாள். இதை ஷகீலா முதலிலேயே சாய்நாத்திடம் சொல்லி, அந்த வேலையை அவனையே அடிக்கச் சொல்லி ஒதுங்கிக்கொண்டாள். இது எனக்குத் தெரியும். 19ஆம் தேதி என்னிடம் யாரும் கேட்கவில்லை என்பதால் நானும் சொல்லவில்லை.

கிளம்பும்போது சாய்நாத் என்னிடம், "மாமா, உள்ள கேள்வித்தாள் கீது. இன்னிக்கு ஒரு நாள் மாடி ஜன்னலாண்டயே குந்திக்கினு கடைய பாத்துக்கோ" என்றான். "நான் பாத்துக்கினு இருந்தா எறும்புகூட ஷட்டருக்குள்ள பூராது நைனா" என்று நான் சொன்னேன். அதன் பிறகு அவன் அம்மாவைப் பார்க்க ஆதம்பாக்கம் போய்விட்டான்.

அன்று பிற்பகல் மழை. நாற்பது வருடத்தில் பார்க்காத மழை என்று முதல் வாக்குமூலத்தில் சொன்னேன். நல்ல மழை என்று எழுதிக்கொண்டால் போதும்.

19ஆம் தேதி காலை எட்டரை மணிக்கு நானும் சாய்நாத்தும் ஷட்டரைத் தூக்கினோம். உள்ளே கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது. திரையில் கேள்வித்தாளின் முதல் பக்கம் நின்றது. கம்ப்யூட்டர் எழுந்ததும் கையில் இருக்கும் வேலை தானாகத் திறக்கும்படி சாய்நாத்தே சொல்லி ஷகீலா எப்போதோ வைத்த ஏற்பாடு அது. ஆக, யாரோ வந்து கம்ப்யூட்டரைப் போட்டிருக்கிறார்கள் என்பது மட்டும் நிச்சயம் என்று நினைத்தோம். சாய்நாத்தின் முகம் சுண்டிவிட்டது. "மாமா, யாரு வந்தா?" என்று கேட்டான்.

அதற்கு நான், பிற்பகல் மூன்று முப்பத்தைந்துக்கு ஷகீலா கறுப்புக் குடையுடன் வந்து ஷட்டரை அரையளவு தூக்கி உள்ளே போனதாகவும், பத்து நிமிடம் கழித்து வெளியே வந்து இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுப் போனதாகவும் சொன்னேன். பச்சை துப்பட்டா போட்டிருந்தாள் என்றும் சொன்னேன். சாய்நாத் மவுஸாலேயே கம்ப்யூட்டரை மூடிவிட்டுப் பள்ளிக்குப் போன் செய்தான். பள்ளி நிர்வாகம் இந்தக் காவல் நிலையத்தில் புகார் கொடுத்தது. கேள்வித்தாளை மாற்றப்போவதாகவும், விசாரணை முடியும் வரை ஷகீலாவின் தங்கைக்கு ஹால் டிக்கெட் தர முடியாது என்றும் சொல்லிவிட்டார்கள். நாளை மாலை ஐந்து மணிக்குள் ஷகீலா மேல் தப்பில்லை என்று காவல் நிலையத்திலிருந்து கடிதம் வராவிட்டால் அந்தப் பெண் தேர்வு எழுத முடியாது.

நேற்றும் இன்றும் ஷகீலாவை இங்கே வரவழைத்தார்கள். அவள் வாசல் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். இரண்டு நாளும் டிபன் பாக்ஸ் கொண்டு வந்தாள். இரண்டு நாளும் அதைத் திறக்கவில்லை. நேற்று நான் இரண்டாம் தடவை சொன்னபோது, குடை கருநீலமாகவும் இருக்கலாம் என்று ஒரு திருத்தம் சொன்னேன்.

இன்று காலை பத்து மணிக்கு சொர்ணம் அம்மா எங்கள் எல்லோரையும் கடைக்கு அழைத்துப் போனார். சிந்தாதிரிப்பேட்டையில் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கும், எங்கள் கடைக்கும் வந்துபோகும் மெஹபூப் அலி என்பவரை வரவழைத்திருந்தார்கள். யாரும் தொடக்கூடாது என்று சொல்லியிருந்ததால் கடை அப்படியே இருந்தது. பொரி நமுத்துப் போயிருந்தது. சீரியல் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

மெஹபூப் அலி மேஜைக்கு அடியில் குந்தி, டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "பட்டன் மேல சந்தனம் அப்டியே காஞ்சி கீது மேடம். அமுக்கி இருந்தா பாதி, விரலோட போயிருக்கும்" என்றார்.

கீபோர்டில் எலி ஓடியிருக்கும், தியேட்டரில் இப்படித்தான் ஒரு எலி ஜெனரேட்டரையே போட்டது என்று நான் சொன்னேன்.

"ஷட்டர் சாத்திக்கினு வந்து கேள்வித்தாள் படிச்ச எலியா நைனா?" என்று அவர் கேட்டார். கூட வந்திருந்த கான்ஸ்டபிள் சிரித்தார். ஷகீலா சிரிக்கவில்லை.

கீபோர்டால் இந்தக் கம்ப்யூட்டரை எழுப்ப முடியாது என்று தட்டிக் காட்டினார். டெலிபோன் வழியாக எழுப்பும் வசதியும் இதில் இல்லை என்றார். அதன் பிறகு கரண்ட் ஏதாவது போய் வந்ததா என்று பார்க்கலாம் என்று சொல்லி, சுவரில் இருந்த பிளக்கைப் பிடுங்கி, உடனே சொருகினார். ஒன்றும் நடக்கவில்லை. இன்னொரு தடவை செய்தார். அப்போதும் இல்லை.

"வுடுங்க பாய், மனுசன் கை படாம அது எப்டி எழுந்துக்கும்" என்றான் சாய்நாத். ஷகீலா சுவர் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அப்போது, சாவி கொடுக்க வந்து வாசலில் நின்றிருந்த என் மனைவி முத்தம்மா, "அன்னிக்கு மூணு மணிக்குப் போன கரண்ட்டு நாலே காலுக்குத்தான் வந்துச்சு. இந்த பாய் கண்ணு மூடித் தொறக்கறதுக்குள்ள திரும்பச் சொருவறாரு" என்றாள். இரண்டு நாளாக எனக்குச் சோறு போடும்போதுகூட வாய் திறக்காதவள் அவள்.

மெஹபூப் அலி தலையை ஆட்டினார். "கரெக்ட்டுமா. வயித்துல கொஞ்சம் கரண்ட்ட மிச்சம் வெச்சிக்கும் இது. அது வடியணும். டீ சொல்லு சாய்நாத்" என்றார். பிளக்கைப் பிடுங்கிப் போட்டுவிட்டுப் பத்து நிமிடம் காத்திருந்தோம். டீ வந்தது. ஷகீலா தன் டம்ளரைக் கையிலேயே வைத்திருந்தாள். அதன் பிறகு மெஹபூப் அலி எழுந்து, எல்லோரையும் இரண்டடி தள்ளி நிற்கச் சொல்லி, பிளக்கைச் சொருகினார்.

பெட்டிக்குள் காற்றாடி சுற்றும் சத்தம் கேட்டது. பச்சை விளக்கு எரிந்தது. யாரும் கிட்டே இல்லை. சற்று நேரத்தில் கேள்வித்தாளின் முதல் பக்கம் தானாக வந்து நின்றது. சொர்ணம் அம்மா சட்டென்று என் தோளில் கிடந்த துண்டை எடுத்துத் திரையை மூடினார். பட்டன் மேல் இருந்த சந்தனத்தில் ஒரு கீறல்கூட இல்லை.

ஷகீலா டம்ளரைக் கீழே வைத்தாள். டீ ஆடை கட்டியிருந்தது.

அதன் பிறகு மெஹபூப் அலி கம்ப்யூட்டரை மூடி மறுபடி எழுப்பும்போது கீபோர்டில் ஒரு பட்டனைத் திரும்பத் திரும்பத் தட்டினார். நீல நிறத்தில் ஒரு பக்கம் வந்தது. கம்ப்யூட்டர் தன் நடத்தையை எழுதி வைத்துக்கொள்ளும் பக்கம் அது. அதில், கரண்ட் போய்த் திரும்ப வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று ஆங்கிலத்தில் ஒரு வரி இருந்தது. அதற்கு மூன்று பதில்கள் வைக்கலாம். அணைந்தே இரு, எரிந்து வா, முன்பு எப்படி இருந்தாயோ அப்படி இரு. எரிந்து வா என்பது வைக்கப்பட்டிருந்தது.

"கம்பெனிலேந்து வரும்போது அணைஞ்சே இருன்னுதான் இருக்கும். முன்ன மாதிரி இருன்னு இருந்தாலும் இது எழுந்திருக்காது, முறையாத்தான மூடி வெச்சீங்க. யாரோ உள்ள பூந்து மாத்தி கீறாங்க" என்றார் மெஹபூப் அலி.

"எனக்கு இந்தப் பக்கமே தெரியாது" என்றான் சாய்நாத். பிறகு என் பக்கம் திரும்பி, "மாமா, நீதான தெனம் காலீல குனிஞ்சு பட்டன் அமுக்கற?" என்று கேட்டான்.

ஆமாம் என்று நான் சொன்னேன்.

"மெயினப் போட்டாலே எழுந்துக்குமே. எதுக்கு குனியணும்?" என்றார் மெஹபூப் அலி.

ஷகீலா என்னைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள்.

அவள் ஏன் பார்த்தாள் என்பதற்குக் காரணம் உண்டு. என் வலது முழங்கால் ஒரு வருடமாகச் சரியில்லை. இதை நான் வெளியில் சொல்வதில்லை. இருபது வயதுப் பையன் போலத் தினமும் குனிந்து எழுகிறேன் என்றுதான் சொல்லி வந்தேன். இந்த ஜூன் மாதம் ஒரு நாள் காலை பட்டனை அமுக்கக் குனிந்தவன், எழ முடியாமல் மேஜைக்கு அடியில் மாட்டிக்கொண்டேன். பத்து மணிக்கு ஷகீலா வந்து பார்த்தாள். எட்டணா விழுந்துவிட்டது, தேடுகிறேன் என்று சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துத் தூக்கி உட்கார வைத்து, "கெடச்சிதா மாமா?" என்று மட்டும் கேட்டாள். இன்று வரை யாரிடமும் அதைச் சொல்லவில்லை.

அதே மாதம் மெஹபூப் அலி கம்ப்யூட்டரைச் சுத்தம் செய்ய வந்தபோது இந்த நீலப் பக்கத்தைத் திறந்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். மறுநாள் காலை யாரும் இல்லாதபோது நானே திறந்து, எழுத்துக் கூட்டிப் படித்து, எரிந்து வா என்று மாற்றினேன். கரண்ட் விஷயத்தில் எனக்குப் புரியாத வரி கிடையாது. அன்றிலிருந்து மெயினைப் போட்டால் கம்ப்யூட்டர் தானாக எழுந்துகொள்ளும். நான் குனிய வேண்டியதில்லை. மற்றவர்கள் வரும்போது அது ஓடிக்கொண்டிருக்கும். பட்டனை நானே அமுக்கியதாகச் சொல்லிக்கொள்வேன். நாளடைவில் நான் மாற்றியதே எனக்கு மறந்துவிட்டது. இது சத்தியம். நினைவிருந்தால் 19ஆம் தேதியே சொல்லி, அதற்கும் ஒரு பெருமை அடித்திருப்பேன்.

இதை நான் கடையில் வைத்தே எல்லோர் முன்னிலையிலும் ஒப்புக்கொண்டேன். மெஹபூப் அலி அணைந்தே இரு என்று மாற்றி வைத்தார். மறுபடி பிளக்கைப் பிடுங்கி, பத்து நிமிடம் விட்டுச் சொருகினார். கம்ப்யூட்டர் எழவில்லை. ஐந்து நிமிடம் பார்த்தோம், எழவில்லை. சாய்நாத் ஷகீலாவின் டீ டம்ளரை எடுத்துக் கொண்டுபோய் வாசலில் கழுவினான்.

சொர்ணம் அம்மா மட்டும் நோட்டை மூடவில்லை. "மிஷின் கதை முடிஞ்சுது பெரியவரே. குடை கதை அப்படியே நிக்குதே. இந்தப் பிள்ளை உள்ள போனதை ரெண்டு கண்ணால பாத்தேன்னு மூணு தடவை சொல்லியிருக்கீங்க. அதை வச்சுக்கிட்டு நான் எப்படிக் கடிதம் கொடுக்க?" என்றார். யோசித்துச் சொல்லச் சொல்லி எங்களை மறுபடி நிலையத்துக்கு அழைத்து வந்தார்.

மதியம் ஒரு மணி முதல் இங்கே உட்கார்ந்திருக்கிறேன். முதலில், வேறு ஒரு பெண்ணாக இருக்கலாம் என்று சொல்லிப் பார்த்தேன். அந்தப் பெண்ணின் அடையாளம் கேட்டார்கள். அதன் பிறகு, மழையில் பக்கத்துக் கடை வாசலில் ஒதுங்கியவளாக இருக்கலாம் என்றேன். பச்சை துப்பட்டா என்ன ஆயிற்று என்று கேட்டார்கள். ஒவ்வொன்றையும் எழுதி, வாசித்து, கோடு போட்டு அடித்தார்கள். இரண்டரை மணிக்கு இங்கே கரண்ட் போனதால் எழுதுவதை நிறுத்தினார்கள். எனக்கு வியர்த்தது. ஷகீலா எழுந்து வந்து, தன் பையிலிருந்த தண்ணீர் பாட்டிலை என் பக்கத்தில் வைத்துவிட்டுத் திரும்பப் போய் உட்கார்ந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. கால் மணி நேரத்தில் கரண்ட் வந்தது. தலைக்கு மேல் இருந்த மின்விசிறி யாரும் தொடாமல் தானாகச் சுற்ற ஆரம்பித்தது. சொர்ணம் அம்மா மின்விசிறியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"பதினெட்டாம் தேதி மூணு முப்பத்தஞ்சுக்கு நீங்க எங்க இருந்தீங்க?" என்று கேட்டார்.

நான் சிந்தாதிரிப்பேட்டையில் இருந்தேன். அங்கே ஒரு வைத்தியர் முழங்காலுக்கு எண்ணெய்க் கட்டுப் போடுகிறார். பூஜை நாளில் கூட்டம் இருக்காது, தெரிந்தவர் யாரும் பார்க்க மாட்டார்கள் என்று அன்றைக்குப் போனேன். இரண்டு மணிக்கு வீட்டைவிட்டுக் கிளம்பினேன். மழையில் பஸ் கிடைக்காமல் திரும்பி வர ஆறு மணி ஆகிவிட்டது. அது என் மனைவிக்குத் தெரியும். யார் வந்தது என்று சாய்நாத் கேட்டபோது, நான் ஜன்னலில் இல்லை என்று சொன்னால் எங்கே போனாய் என்று கேட்பான். கடை திறந்த சாவி யாருடையது என்றும் கேட்பான். இரண்டு சாவியில் ஒன்று என் ஆணியில் தொங்குகிறது. நான் திறக்கவில்லை என்பது எனக்குத் தெரியும், ஆகவே அவளாகத்தான் இருக்கும் என்று முடிவு செய்தேன். எப்படியும் நடந்திருக்கும் ஒன்றைப் பார்த்ததாகச் சொல்வதில் என்ன தப்பு என்று அந்த நேரத்தில் தோன்றியது. பார்த்தேன் என்று சொன்ன பிறகு, மழைக்கு ஒரு குடை வேண்டியிருந்தது. குடை வந்த பிறகு துப்பட்டாவும் வந்துவிட்டது. ஆள் நடமாட்டத்தை விவரமாகச் சொன்னால்தான் கேட்கிறவர்கள் நம்புவார்கள் என்பது என் அனுபவம்.

இப்படி மாற்றிச் சொல்வதால் பொய்த் தகவல் கொடுத்ததாக என் மீது வழக்கு வரலாம் என்று அம்மா எச்சரித்தார். வரட்டும். எழுதிக்கொள்ளச் சொன்னேன்.

மேலே கண்டவை அனைத்தையும் எனக்கு வாசித்துக் காட்டினார்கள். வாசல் பெஞ்சுக்குக் கேட்கும்படி உரக்க வாசிக்க வேண்டும் என்று நான் கேட்டுக்கொண்டேன், அப்படியே வாசித்தார்கள். இதில் மழை உண்மை, கரண்ட் போய் வந்தது உண்மை, என் முழங்கால் உண்மை. ஜப்பான் இன்ஜினியர் விஷயம் வழக்கில் சேராது. 18ஆம் தேதி நான் ஷகீலாவைக் காலை பதினோரு மணிக்குப் பிறகு பார்க்கவே இல்லை. அவளிடம் கறுப்புக் குடை உண்டா என்பதுகூட எனக்குத் தெரியாது.

(ஒப்பம்) க. கபாலி
21.10.1999, மாலை 4.10